வேலையும் போச்சு... வரி நோட்டீசும் வந்தாச்சு! கடன் வாங்கிக் கட்டும் முன்பு கவனிக்க வேண்டியவை

விழுப்புரம்,

வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், "உங்கள் வரி பாக்கி 2 லட்சத்துச் சொச்சம்" என்று வருமான வரித்துறையில் இருந்து நோட்டீஸ் வந்தால் எப்படி இருக்கும்? வெந்த புண்ணில் வேல் பாய்ச்சினது போலத்தான் இருக்கும்.

விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் இருந்து ஒரகடம், மறைமலைநகர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். விடியற்காலை ரெயிலைப் பிடித்து, இல்லாவிட்டால் கம்பெனி பஸ் ஏறி, ராத்திரி வீடு திரும்புகிற பிழைப்பு. கம்பெனி ஆட்குறைப்பு செய்தாலோ, ஒரேயடியாக மூடினாலோ கையில் ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பி விடுவார்கள். வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு என்று அந்தப் பணம் கரைந்து போன பிறகு நோட்டீஸ் வந்து நிற்கும்.

அதைப் பார்த்ததும் சிலர் மனைவியின் நகையை அடகு வைக்க ஓடுகிறார்கள். சிலர் 5 வட்டிக்குக் கடன் வாங்குகிறார்கள். இன்னும் சிலர் "வேலையே இல்லாதவனை என்ன செய்துவிடுவான்?" என்று நோட்டீசை பரண் மேல் போட்டு விடுகிறார்கள். இந்த மூன்றுமே தப்பு. நோட்டீசில் இருக்கும் தொகை பல நேரம் கட்ட வேண்டிய தொகையே அல்ல. கட்ட வேண்டியதாக இருந்தாலும் ஒரே மூச்சில் கட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் இரண்டுக்கும் பதில் போட வேண்டும், அதுவும் கெடுவுக்குள்.

வேலை இல்லை, வரி எதற்கு?

எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். வருமான வரி என்பது நோட்டீஸ் வந்த வருடத்துக்கான வரி அல்ல. சம்பாதித்த வருடத்துக்கான வரி. கணக்கு தாக்கல் செய்து, அதை பெங்களூரில் உள்ள வரித்துறையின் மையம் சரிபார்த்து, தகவல் வருவதற்குள் ஒரு வருடம்கூட ஓடி விடும். தீவிர ஆய்வுக்குப் போன கணக்கு என்றால் அதற்கு மேலும் ஆகும். அதற்குள் வேலை போயிருந்தால் அது உங்கள் துரதிர்ஷ்டம். பாக்கி அப்படியே இருக்கும்.

இன்னொரு சங்கதி. வேலை போகும்போது கிடைக்கும் நஷ்டஈடு, விருப்ப ஓய்வுத் தொகை, கிராஜுவிட்டி, விடுமுறைச் சம்பளம் எல்லாமே சட்டத்தின் பார்வையில் சம்பளக் கணக்கில்தான் வரும். பத்து வருட உழைப்புக்கான தொகை ஒரே வருடத்தில் வருவதால், அதுவரை வரியே கட்டாதவர்கூட திடீரென்று வரி வளையத்துக்குள் வந்து விடுகிறார். இதனால் மாசச் சம்பளம் வாங்கியபோது வராத நோட்டீஸ் வேலை போன பிறகு வருகிறது.

போர்டு, நோக்கியா

மறைமலைநகர் போர்டு கார் தொழிற்சாலையை இந்தப் பகுதி மக்கள் மறக்க மாட்டார்கள். இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக 2021 செப்டம்பர் 9-ந்தேதி போர்டு அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலைநகரில் கடைசி கார் வெளியே வந்தது. போராட்டம், பேச்சுவார்த்தை எல்லாம் நடந்து, ஒரு வருட சர்வீசுக்கு சுமார் 140 நாள் சம்பளம் என்ற அளவில் நஷ்டஈடு முடிவானது. பல வருட சர்வீஸ் உள்ளவர்களுக்கு அது லட்சக்கணக்கில் பெரிய தொகை.

அதற்கு முன்பு ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா. வருமான வரித்துறையுடன் ஏற்பட்ட தகராறில் அந்தத் தொழிற்சாலை முடக்கப்பட்டது. இதனால் நோக்கியாவின் செல்போன் தொழிலை வாங்கிய மைக்ரோசாப்ட் கைக்கு அது மாறவில்லை. 2014 நவம்பர் 1-ந்தேதி மூடப்பட்டது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியேறியவர்கள் பல ஆயிரம் பேர். அங்கே வரி தகராறு ஒரு தொழிற்சாலைக்கே பூட்டு போட்டது.

இந்த மாதிரி மொத்தத் தொகை வாங்குகிறவர்களுக்கு சட்டத்தில் சில சலுகைகள் இருக்கின்றன. விருப்ப ஓய்வுத் தொகையில் ரூ.5 லட்சம் வரை வரி கிடையாது. ஆனால் திட்டம் விதிமுறைப்படி இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒருமுறைதான் கேட்க முடியும். ஆட்குறைப்பு நஷ்டஈடு என்றால், ஒரு வருட சர்வீசுக்கு 15 நாள் சராசரி சம்பளம் என்று போட்டு வரும் தொகை அல்லது ரூ.5 லட்சம், இதில் எது குறைவோ அதற்கு வரி இல்லை. கிராஜுவிட்டிக்கு ரூ.20 லட்சம் வரையும், வேலையை விட்டுப் போகும்போது வாங்கும் விடுமுறைச் சம்பளத்துக்கு ரூ.25 லட்சம் வரையும் வரி விலக்கு உண்டு. விடுமுறைச் சம்பளத்துக்கு இது முன்பு வெறும் ரூ.3 லட்சம். 2023 ஏப்ரல் முதல்தான் உயர்ந்தது.

வித்தியாசம் ஒன்றரை லட்சம்!

சலுகையைக் கேட்காமல் விட்டால் எவ்வளவு நஷ்டம்? ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

2022-23 நிதியாண்டில் ஒருவர் 8 மாசம் வேலை பார்த்தார். மாசம் ரூ.30 ஆயிரம் வீதம் சம்பளம் ரூ.2 லட்சத்து 40 ஆயிரம். விருப்ப ஓய்வுத் தொகை ரூ.12 லட்சம். பழைய வரி முறை. நிலையான கழிவு ரூ.50 ஆயிரம்.

ரூ.5 லட்சம் விலக்கைக் கேட்டால், வரிக்கு உரிய வருமானம் ரூ.8 லட்சத்து 90 ஆயிரம். செஸ் சேர்த்து வரி ரூ.94 ஆயிரத்து 120.

விலக்கைக் கேட்காமல் விட்டால், வருமானம் ரூ.13 லட்சத்து 90 ஆயிரம். வரி ரூ.2 லட்சத்து 38 ஆயிரத்து 680.

அதாவது கணக்கு படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டதால் கூடுதல் வரி மட்டும் ரூ.1 லட்சத்து 44 ஆயிரத்து 560! கம்பெனி வரி பிடித்தது போக மீதிக்கு நோட்டீஸ் வரும். அதைக் கட்ட நகையை விற்றால் யாருக்கு நஷ்டம்?

5 லட்சம் விலக்குக்குப் பதிலாக, தொகையை பல வருடத்துக்குப் பிரித்துக் கணக்கிட்டு நிவாரணம் கேட்கும் வழியும் உண்டு. பழைய வருடங்களுக்கு அதன் பெயர் 10-இ படிவம். கணக்கு தாக்கல் செய்யும் முன்பே இதைப் போட வேண்டும். போடாமல் நிவாரணத்தை மட்டும் எழுதினால் அதை வெட்டிவிட்டு நோட்டீஸ் அனுப்பி விடுவார்கள். ஒரே விருப்ப ஓய்வுத் தொகைக்கு இரண்டு சலுகையும் கிடைக்காது. எது லாபம் என்று ஆடிட்டரிடம் கணக்கு போட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

பி.எப். பணம்

வேலை போனதும் எல்லோரும் கை வைப்பது பி.எப். பணத்தில்தான். 5 வருட சர்வீஸ் முடியும் முன்பு ரூ.50 ஆயிரத்துக்கு மேல் எடுத்தால் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் இன்னும் அதிகம்.

பலருக்குத் தெரியாத விஷயம் இதில்தான் இருக்கிறது. உடல்நலக் குறைவாலோ, கம்பெனி மூடப்பட்டதாலோ, தொழிலாளியின் கையில் இல்லாத வேறு காரணத்தாலோ வேலை போயிருந்தால், 5 வருடம் முடியாவிட்டாலும் அந்தப் பணத்துக்கு வரி கிடையாது. அதை நிரூபிக்க கம்பெனி கொடுத்த கடிதம் வேண்டும். எனவே கடைசி நாளில் செட்டில்மெண்ட் செக்கை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல், "கம்பெனி மூடியதால் பணி நீக்கம்" என்று எழுதிய கடிதத்தையும் கேட்டு வாங்கி வர வேண்டும்.

நாலைந்து கம்பெனி மாறியவர்களுக்கு இன்னொரு சிக்கல். பழைய பி.எப். கணக்கைப் புதிய கணக்கோடு சேர்த்திருந்தால் பழைய சர்வீசும் 5 வருடக் கணக்கில் சேரும். சேர்க்காமல் தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் குறைந்த சர்வீசாகவே தெரியும்.

பிடித்த வரி போனது போனதுதான் என்றும் நினைக்க வேண்டாம். மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் கணக்கு தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம்.

பிடித்தார்கள், கட்டவில்லை

மாசாமாசம் சம்பளத்தில் வரியைப் பிடித்துவிட்டு, அதை அரசுக்குக் கட்டாமல் கம்பெனி கையை விரித்து விடுவதும் உண்டு. நொடித்துப் போகும் கம்பெனிகள் முதலில் கோட்டை விடுவது இதைத்தான். அப்போது வரித்துறை கணக்கில் தொழிலாளி வரியே கட்டாதது போலத் தெரியும். நோட்டீஸ் அவர் பெயருக்கு வரும்.

இதற்கு சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. சம்பளத்தில் பிடித்த வரியை மீண்டும் தொழிலாளியிடம் கேட்கக் கூடாது. இப்படிப்பட்ட பாக்கியை வசூலிக்க நெருக்கடி கொடுக்கக் கூடாது என்று மத்திய நேரடி வரிகள் வாரியமும் 2015 ஜூனிலும், 2016 மார்ச்சிலும் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தி இருக்கிறது.

ஆனால் பிடித்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். சம்பள ரசீது, சம்பளம் ஏறிய பேங்க் பாஸ்புக், இருந்தால் படிவம் 16. கம்பெனி மூடிய பிறகு இதையெல்லாம் யாரிடம் கேட்பது? ஆகையால் வேலை இருக்கும்போதே சம்பள ரசீதுகளைச் சேர்த்து வைப்பது புத்திசாலித்தனம்.

கமிஷன் ஏஜெண்டு உஷார்

"முப்பதாயிரம் ரீபண்டு வாங்கித் தர்றேன், எனக்கு பத்து சதவீதம் கொடு" என்று கம்பெனி வாசலில் சுற்றும் ஏஜெண்டுகளை நம்பியவர்களுக்கும் நோட்டீஸ் வருகிறது. கொடுக்காத வீட்டு வாடகை, கட்சிக்குக் கொடுக்காத நன்கொடை, இல்லாத மருத்துவச் செலவு என்று கணக்கில் எழுதி விடுவார்கள். ரீபண்டு வரும். கொஞ்ச நாள் கழித்து வட்டியோடு திரும்பக் கேட்பார்கள். அபராதமும் சேரும். அப்போது ஏஜெண்டு செல்போன் சுவிட்ச் ஆப்!

2025 ஜூலை 14-ந்தேதி தமிழ்நாடு உள்பட பல மாநிலங்களில் இப்படிப்பட்ட ஏஜெண்டுகளின் இடங்களில் வருமான வரித்துறை சோதனை நடத்தியது. அதற்கு முந்தைய 4 மாதத்தில் சுமார் 40 ஆயிரம் பேர் தாங்களாகவே கணக்கைத் திருத்தி, ரூ.1,045 கோடிக்கான பொய்க் கழிவுகளை வாபஸ் பெற்றதாகவும் அரசு தெரிவித்தது. ஏஜெண்டு எழுதியதாக இருந்தாலும் சட்டப்படி பொறுப்பு கணக்கில் பெயர் உள்ளவருக்குத்தான் என்பது குறிப்பிடத்தக்கது. நோட்டீஸ் வரும் முன்பே தப்பைத் திருத்தினால் அபராதத் தொல்லை குறையும்.

நோட்டீஸ் நிஜமா?

முதலில் வந்தது உண்மையான நோட்டீஸ்தானா என்று பார்க்க வேண்டும். 2019 அக்டோபர் 1-ந்தேதி முதல் வருமான வரித்துறை அனுப்பும் கடிதங்களில் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை வரித்துறையின் இ-பைலிங் இணையதளத்தில் போட்டால் அசலா, போலியா என்று தெரிந்து விடும். "உடனே இந்த லிங்க்கை அழுத்திப் பணம் கட்டு, இல்லாவிட்டால் கைது" என்று வாட்ஸ்-அப்பில் வந்தால் அது மோசடி. பணம் பறிபோய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும்.

அசல் தகவல் இ-மெயிலில் பூட்டு போட்ட பைலாக வரும். பான் எண்ணை சின்ன எழுத்தில் அடித்து, அதோடு பிறந்த தேதி, மாதம், வருடத்தைச் சேர்த்தால் திறக்கும். பலர் கணக்கில் கம்பெனி கொடுத்த பழைய செல்போன் நம்பரும், ஏஜெண்டின் மெயில் முகவரியும்தான் இருக்கிறது. தகவல் அங்கே போய் விழுந்து கிடக்கும். வேலை போனதும் முதல் காரியமாக இதை மாற்ற வேண்டும்.

30 நாள் கெடு

பாக்கி கேட்டு நோட்டீஸ் கிடைத்தால் 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் செய்ய வேண்டியவை இவைதான்.

நோட்டீசில் இரண்டு பத்தி இருக்கும். ஒன்று நீங்கள் கொடுத்த கணக்கு, இன்னொன்று வரித்துறை போட்ட கணக்கு. எந்த வரியில் தொகை மாறுகிறது என்று விரலை வைத்துப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்து விடும்.

கம்பெனி கட்டிய வரி எவ்வளவு என்பதை 26 ஏ.எஸ். படிவத்தில் பார்த்து, சம்பள ரசீதோடு ஒப்பிட வேண்டும்.

இணையதளத்தில் பாக்கிக்குப் பதில் தரும் இடத்தில் "ஒப்புக்கொள்கிறேன்", "ஒப்புக்கொள்ளவில்லை" என்று கேட்கும். அவசரப்பட்டு "ஒப்புக்கொள்கிறேன்" என்று அழுத்தி விட்டால், பிறகு அதை மறுத்து பதில் தர முடியாது. பிரவுசிங் சென்டரில் அவசரத்தில் நடக்கும் பெரிய தப்பு இதுதான்.

கண்ணுக்குத் தெரிகிற தப்பு என்றால் திருத்த மனு போடலாம். அதற்குக் கட்டணம் இல்லை. சட்ட விளக்கத்தில் தகராறு என்றால் 30 நாளுக்குள் அப்பீல் செய்ய வேண்டும். வருமானத்தைப் பொறுத்து அப்பீல் கட்டணம் ரூ.250, ரூ.500, ரூ.1,000.

அப்பீல் போட்டதாலேயே வசூல் நின்று விடாது. தடை கேட்டுத் தனியாக மனு கொடுக்க வேண்டும். சாதாரணமாக 20 சதவீதம் கட்டச் சொல்வார்கள். அதைவிடக் குறைவாகக் கட்டச் சொல்லவும் அதிகாரிகளுக்கு உரிமை உண்டு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியுள்ளது. வேலை இல்லை என்பதற்கான கடிதம், பேங்க் ஸ்டேட்மெண்ட் ஆகியவற்றை மனுவோடு வைக்க வேண்டும்.

தவணை கேட்கலாம்

பாக்கி உண்மைதான், ஆனால் கையில் காசு இல்லை என்றால்? மதிப்பீட்டு அதிகாரியிடம் தவணை கேட்டு எழுதிக் கொடுக்கலாம். அவகாசம் கொடுக்கவும், தவணைக்கு அனுமதிக்கவும் அவருக்கு அதிகாரம் இருக்கிறது. 30 நாள் முடியும் முன்பே கேட்க வேண்டும்.

தவணைக்கு வட்டி உண்டு. நூற்றுக்கு மாசம் 1 ரூபாய். வெளியே 3 வட்டி, 5 வட்டிக்கு வாங்கி வரியை அடைப்பதைவிட, வரித்துறையிடமே தவணை வாங்குவது எவ்வளவோ மேல். உண்மையான கஷ்டம், கட்ட முடியாமல் போனதற்குத் தன் கையில் இல்லாத காரணம், விசாரணைக்கு ஒத்துழைப்பு - இந்த மூன்றும் இருந்தால் இந்த வட்டியைக் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ முதன்மை கமிஷனரிடம் மனு கொடுக்கலாம்.

எதுவும் செய்யாமல் இருந்தால் பேங்க் கணக்கை முடக்கலாம், வரவேண்டிய ரீபண்டை பாக்கியில் கழிக்கலாம், அபராதமும் போடலாம். பி.எப். கணக்கில் இருக்கும் பணத்தை மட்டும் ஜப்தி செய்ய முடியாது.

ரொம்பப் பழைய பாக்கி என்றால் அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2009-10 நிதியாண்டு வரை ரூ.25 ஆயிரத்துக்கு உட்பட்ட பாக்கிகளும், 2010-11 முதல் 2014-15 வரை ரூ.10 ஆயிரத்துக்கு உட்பட்ட பாக்கிகளும் கைவிடப்படும் என்று 2024 பிப்ரவரி 1-ந்தேதி இடைக்கால பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. ஒருவருக்கு அதிகபட்சம் ரூ.1 லட்சம் வரை இந்தச் சலுகை.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் அமலுக்கு வந்துவிட்டதே என்று சிலர் குழம்புகிறார்கள். பிரிவு எண்களும் படிவப் பெயர்களும் மாறியிருக்கின்றன. ஆனால் அதற்கு முந்தைய வருடங்களின் பாக்கிக்கு 1961-ம் ஆண்டு சட்டம்தான் பொருந்தும்.

செய்யாத வியாபாரத்துக்கு ஜி.எஸ்.டி.

வேலை தேடி அலைகிறவர்களிடம் "லோன் வாங்கித் தர்றோம்", "வேலைக்குப் பதிவு செய்றோம்" என்று ஆதார், பான் நகல் வாங்கி, அவர்கள் பெயரில் போலிக் கம்பெனி ஆரம்பிக்கும் கும்பல்களும் உண்டு. கூலி வேலை செய்கிறவருக்கு லட்சக்கணக்கில் ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வருவது இப்படித்தான். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் பான் எண்ணைப் போட்டுத் தேடினால் அந்தப் பெயரில் எத்தனை கம்பெனி பதிவாகி இருக்கிறது என்று தெரிந்து விடும். அது போலி என்றால் போலீசில் புகார் கொடுத்து, அந்த ரசீதோடு ஜி.எஸ்.டி. அதிகாரிக்கு எழுத்தில் பதில் தர வேண்டும். "நான் அவனில்லை" என்று வாயால் சொன்னால் போதாது.

காசில்லாதவர் எங்கே போவது?

விழுப்புரத்தில் வருமான வரி அலுவலகம் இருக்கிறது. ஆனால் சென்னைப் பக்கத்து முகவரியில் பான் கார்டு எடுத்தவர்களுக்கு அதிகாரியும் அந்தப் பக்கமே இருக்கலாம். இ-பைலிங் இணையதளத்தில் பான் எண்ணைப் போட்டு யார் அதிகாரி என்று பார்த்துவிட்டு பஸ் ஏறினால் அலைச்சல் மிச்சம். 1800 103 0025 என்ற இலவச எண்ணிலும் விளக்கம் கேட்கலாம்.

ஆடிட்டர் பீஸ் கொடுக்க வசதி இல்லாதவர்கள் விழுப்புரம் கோர்ட்டு வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். திண்டிவனத்தில் வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கிறது. பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. போன் நம்பர் 15100.

போகும்போது கையில் நோட்டீஸ், சம்பள ரசீதுகள், பணி நீக்கக் கடிதம், செட்டில்மெண்ட் கணக்கு, பாஸ்புக், பி.எப். எடுத்த விவரம் ஆகியவற்றைக் கொண்டு போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதி வைப்பது நல்லது. 30 நாள் எண்ணுவது அந்தத் தேதியில் இருந்துதான்.